கூலமும் கவிதையும்

மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்னும் பெயரைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். மணிமேகலை பாடிய அப்பெரும்புலவர் நெல்லும் வரகும் பயறும் உளுந்தும் விற்ற வணிகர் என்பது அவர் பெயரோடு ஒட்டி வந்த செய்தி. சங்கப் புலவர் நிரலில் அறுவை வாணிகர் ஒருவர் உண்டு; பொன் வாணிகர் ஒருவர் உண்டு. துணி விற்றவரையும் பொன் விற்றவரையும் புலவர் அவையில் அமர்த்திய அக்காலத் தமிழர், அவர்களுடைய தொழிலைப் பெயரிலிருந்து நீக்கவில்லை; அதைப் பெயருக்கு முன்னரே வைத்தனர். கடையும் கவிதையும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம் அது.

இன்றைய கல்லூரியில் அவை இரண்டும் வெவ்வேறு கட்டடத்தில் இருக்கின்றன. மலேசியாவில் 1980-களில் தனியார் கல்லூரிகள் அமெரிக்கப் பட்டப்படிப்பு மாற்றத் திட்டங்களைத் தொடங்கின. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் இங்குப் படித்து, எஞ்சிய ஆண்டுகளை அமெரிக்காவில் முடிப்பது அத்திட்டம். வணிகம் படிக்க வரும் மாணவனும் பொதுக்கல்விப் பாடங்கள் சிலவற்றைப் பயில வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஆகவே, அமெரிக்க இலக்கியமும் சிறுதொழில் முனைவும் ஒரே மாணவனின் பாட அட்டவணையில் அடுத்தடுத்து வரக்கூடும். பெற்றோர் பலர் இரண்டாவதைச் சோறு போடும் பாடம் என்றும், முதலாவதைக் கட்டாயத்திற்காகச் சுமக்கும் பாடம் என்றும் கருதுகின்றனர். ஆசிரியருள்ளும் அப்படிக் கருதுவோர் உளர். இக்கருத்து வரலாற்றுக்கு ஒவ்வாதது. அதனைக் காண, அமெரிக்காவுக்கும் தமிழருக்கும் இருந்த பழந்தொடர்பையும், ஈப்போ நகரை அடுத்த புந்தோங்கில் கடலை விற்று வாழ்ந்த எட்டயபுரத்தாரின் கதையையும் ஒருசேர நோக்க வேண்டும்.

அமெரிக்கர் தமிழரிடையே கல்லூரி கட்டியது நேற்று இன்று அன்று. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் 1823-ஆம் ஆண்டில் உயர்கல்விச் சாலை ஒன்றை நிறுவினர். டானியல் பூவர் அதன் முதல் தலைவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரும், தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய பதிப்பாசிரியருமான சி. வை. தாமோதரம் பிள்ளை அங்குப் பயின்றவர். அடுத்து மதுரை. அங்குப் பணி செய்த அமெரிக்கத் திருச்சபையார் 1881-இல் பசுமலையில் கல்லூரி வகுப்புகளைத் தொடங்கினர். 1904-இல் அவை மதுரை நகருக்கு வந்தன. அதுவே அமெரிக்கன் கல்லூரி. பேராக் மாநிலத்திலோ, அமெரிக்க மெதடிஸ்டு திருச்சபையைச் சேர்ந்த ஹோர்லி என்பார் 1895-இல் ஈப்போவில் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். பெயர் சீனப் பள்ளி ஆயினும், தமிழ் மாணவரும் அங்குப் படித்தனர்.

இனி, வியப்பு ஒன்று உண்டு. இந்நிறுவனங்களைக் கட்டியவர் அமெரிக்கர். பணம் அனுப்பியவர் அமெரிக்கர். ஆனால் இவற்றில் நெடுங்காலம் பயிற்றப்பட்ட இலக்கியம் அமெரிக்கருடையது அன்று. மதுரையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் ஆண்டது. ஈப்போவில் கேம்பிரிட்ஜ் தேர்வு ஆண்டது. ஷேக்ஸ்பியரும் மில்டனும் வேர்ட்ஸ்வொர்த்தும் படித்துத் தேறினால்தான் சான்றிதழ். அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தமிழ் மாணவருக்கு ஆங்கிலேயரின் கவிதையைக் கற்பித்துக்கொண்டிருந்தார் என்பதே உண்மை நிலை.

அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அமெரிக்காவிலேயே அமெரிக்க இலக்கியத்திற்குக் கல்லூரியில் மதிப்பு வந்தது பிற்காலத்தில்தான். அந்நாட்டு மொழிப் பேராசிரியர் சங்கத்துள் அமெரிக்க இலக்கியத்திற்கெனத் தனிக்குழு அமைந்தது 1921-இல். அதற்கெனத் தனி ஆய்விதழ் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது 1929-இல். இந்தியாவில் ஐதராபாத்தில் அமெரிக்கவியல் ஆய்வு நடுவம் தோன்றியது 1964-இல். சிறுதொழில் பாடத்தின் வயதும் ஏறக்குறைய இதுவே. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்பார் புதுத்தொழில் தொடங்குவது பற்றிய வகுப்பை முதன்முதல் நடத்தியது 1947-ஆம் ஆண்டு. இரண்டு பாடங்களும் இளையவை. அவை பேசும் பொருளோ மிகப் பழையது.

கல்லூரி கொண்டுவராத அமெரிக்கக் கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் பட்டம் பெறாத ஒரு பத்திரிகையாளர். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார், 'நகரம்' என்னும் கட்டுரையில் வால்ட் விட்மனைத் தமிழருக்கு அறிமுகம் செய்கின்றார். எதுகை மோனையின்றி உரைநடை போல் அமைந்த புதுக்கவிதை அவருடையது என்று விளக்கி, நட்பே ஆளும் நகரம் ஒன்றை அவர் கனவு கண்டதையும் எடுத்துரைக்கின்றார். பாரதியாரின் வசனகவிதைகளுக்கு வேதப் பாடல்களின் ஓசை ஒரு மூலம் என்றால், விட்மன் மற்றொரு மூலம் என்பர். பின்னர் ந. பிச்சமூர்த்தி, விட்மனையும் பாரதியாரின் வசனகவிதையையும் படித்த தூண்டுதலால் 1930-களில் புதுக்கவிதை எழுதத் தொடங்கினார். தமிழ்ப் புதுக்கவிதையின் வேர் ஒன்று நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் இருக்கிறது. அந்த வேர் கல்லூரி வழியாக ஓடி வரவில்லை.

புரூக்ளினில் விட்மன் என்ன செய்துகொண்டிருந்தார்? அவர் அச்சுக்கோப்பாளர். சிறுவயதிலேயே அச்சகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தவர். பின்பு தச்சு வேலை செய்தார். வீடு கட்டி விற்றார். 1855-இல் 'புல்லின் இதழ்கள்' நூலை வெளியிட எந்தப் பதிப்பகத்தையும் அவர் நம்பியிருக்கவில்லை. தம் பணத்திலேயே 795 பிரதிகள் அச்சிட்டார். சில பக்கங்களுக்குத் தாமே எழுத்துக் கோத்தார். நூல் விற்கவில்லை. உடனே, பெயர் சொல்லாமல் தம் நூலுக்குத் தாமே மதிப்புரை எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார். எமர்சன் தனியே எழுதிய பாராட்டுக் கடிதத்தின் ஒரு வரியை, அவரைக் கேளாமலே, அடுத்த ஆண்டுப் பதிப்பின் முதுகில் பொன்னெழுத்தில் பொறித்தார். இதனை நல்லொழுக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால், சரக்கைக் கடையில் பூட்டி வைத்துவிட்டு விற்கவில்லையே என வருந்தும் வணிகர் அவர் அல்லர் என்பது தெளிவு.

அவருக்கு முன்னோடி பெஞ்சமின் பிராங்கிளின். அவரும் அச்சகத்தாரே. தாம் வாங்கிய காகிதத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருவழியே தாமே தள்ளிக்கொண்டு வந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதுகின்றார். தொழிலுக்கு நாணாதவன் என்று ஊரார் காண வேண்டும் என்பதே அவர் நோக்கம். உழைத்தால் மட்டும் போதாது, உழைப்பது தெரியவும் வேண்டும் என்ற வணிக நுட்பம் அதில் இருக்கிறது. அமெரிக்க இலக்கிய வகுப்பில் இப்பகுதி உரைநடைக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கப்படுகிறது. சிறுதொழில் வகுப்பில் இதே கருத்துக்கு வேறு பெயர் சூட்டப்படுகிறது.

எல்லாரினும் நம் பொருளுக்கு அணுக்கமானவர் தோரோ. காந்தியடிகள் படித்துப் போற்றிய ஒத்துழையாமைக் கட்டுரையின் ஆசிரியராக அவரைத் தமிழர் அறிவர். அவர் குடும்பத்தொழில் பென்சில் செய்வது என்பதும், அப்பென்சிலின் தரத்தை அவரே உயர்த்தினார் என்பதும் பலரும் அறியாதவை. 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் குடிசை கட்டி வாழ்ந்த தோரோ, 1854-இல் வெளியிட்ட 'வால்டன்' நூலின் முதல் இயலுக்கே 'பொருளாதாரம்' என்று பெயரிட்டார். குடிசைக்குச் செலவு 28 டாலர் 12½ காசு என்று ஆணி, சுண்ணாம்பு வரை கணக்கு எழுதினார். அங்கு அவர் பயிரிட்டு விற்றது அவரை. அதாவது, கூலம்! அவரைத் தோட்டத்திற்கென்றே ஓர் இயல் எழுதி, அதன் வரவு செலவையும் அச்சிட்டுள்ளார். காக்கை விரட்டக் கட்டிய வெண்கயிற்றுக்கு 2 காசு. உழவுக் கூலி 7 டாலர் 50 காசு, அது மிகை என்ற குறிப்புடன். செலவு 14 டாலர் 72½ காசு. வரவு 23 டாலர் 44 காசு. மிச்சம் 8 டாலர் 71½ காசு. இந்தக் கணக்கைக் கண்டால் கடலை வணிகர் எவரும் முதலில் ஒன்று கேட்பார்: நில வாடகை எங்கே? நிலம் எமர்சனுடையது, வாடகை இல்லை. நண்பனின் நிலம் கிடைத்தமையால்தான் அக்கணக்கு இலாபத்தில் முடிந்தது. நூலின் அழகு இதனால் குறைவதில்லை; ஆயினும் வகுப்பில் ஆசிரியர் இதைச் சொல்ல வேண்டும். சென்னைக்கும் தோரோவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்கக் குளங்களில் வெட்டிய பனிக்கட்டி அந்நாளில் கப்பலேறிச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. வால்டன் நீரைச் சென்னை மக்கள் பருகக்கூடும் என்று அவர் எண்ணி மகிழ்கின்றார். சென்னைக் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் கட்டடம் அப்பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் எழுந்ததே.

மார்க் டுவெயின் பதிப்பகம் நடத்தியும், அச்சுக் கோக்கும் பொறி ஒன்றில் பெரும்பொருள் முடக்கியும் 1894-இல் கடனாளியானார். கடன் தீர்க்க உலகெங்கும் சொற்பொழிவாற்றி வந்தபோது 1896-இல் கொழும்பிலும் இந்தியாவிலும் கால் வைத்தார். கடன் முழுவதையும் அடைத்தார். தொழில் தோற்ற கதையும் இலக்கியத்திற்குப் பொருளாகும் என்பதற்கு இது சான்று.

தோற்ற கதைக்கு எட்டயபுரமும் சான்று தரும். பாரதியாரின் தந்தையார் சின்னசாமி ஐயர், அக்கரிசல் மண்ணில் விளையும் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் பருத்தி ஆலை ஒன்று தொடங்கினார். ஆலை நிலைக்கவில்லை. பொருளிழந்த அவர் 1898-இல் காலமானார். மகனுக்கு அப்போது வயது பதினாறு நிரம்பவில்லை. அந்த இழப்பின் துயரைப் பாரதியார் தம் சுயசரிதையில் பாடியுள்ளார். பக்கத்து ஊராகிய ஒட்டப்பிடாரத்து வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் பத்து இலட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாயாக, சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். ஆங்கிலக் கம்பெனியின் போட்டியும் அரசின் அடக்குமுறையும் அதனை வீழ்த்தின. பாரதியாரே 1920-இல் கடையத்திலிருந்து ஒரு தொழில் திட்டம் தீட்டினார். தம் நூல்களை நாற்பது பகுதிகளாக, பகுதிக்குப் பதினாயிரம் பிரதிகளாக அச்சிட்டு, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல் எளிதாக ஊரெல்லாம் விற்பது என்பது அத்திட்டம். பணம் தந்து உதவுமாறு அன்பர்க்குச் சுற்றறிக்கை அனுப்பினார். வேண்டிய பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். இன்றைய சிறுதொழில் வகுப்பில் இத்திட்டத்தை வைத்தால், விற்பனைக் கணிப்பில் பிழை கண்டுபிடிக்கும் மாணவன் முழு மதிப்பெண் பெறுவான். ஆனால் கணிப்பு பிழையன்று. 1949-இல் சென்னை அரசு பாரதியாரின் நூலுரிமையை வாங்கிப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கிய பிறகு, அந்நூல்கள் தீப்பெட்டி போலவே விற்றன. சரக்கிலோ சந்தையிலோ குறை இல்லை, குறை மூலதனத்தில்.

அதே எட்டயபுரத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்தோரே புந்தோங்கின் கடலை வணிகர். ஈப்போ புகைவண்டி நிலையத்திற்கு மேற்கே அமைந்த புந்தோங், தமிழர் பெருந்தொகையாக வாழும் ஊர். 1940-களில் எட்டயபுரத்துக் குடும்பங்கள் இங்கு வந்து குடியேறின என்பது அங்குள்ளோர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. இதில் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மலாயாவுக்கு உதவிச் செலவில் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் தடை செய்துவிட்டது. கங்காணி முறை அத்துடன் முடிந்தது. அதன்பின் வந்தோர் தோட்ட நிருவாகம் கட்டிய கப்பற்கூலியில் வந்தவர் அல்லர். தம் பொறுப்பில் வந்தவர். அவர்களுக்கு எனத் தோட்டத்து வரிசை வீடு காத்திருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவாரும் இல்லை. கையில் இருந்தது ஊரில் கற்ற கைப்பக்குவம். எட்டயபுரத்தை அடுத்த கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நிலக்கடலையையும் பயறு வகைகளையும் தின்பண்டமாக்கும் திறன் அந்நிலத்தின் சொத்து.

கச்சாங் பூத்தே என்பது மலாய்ச் சொல். வெண்கடலை என்று பொருள்படும். வழக்கில் அது வறுத்த கொண்டைக்கடலை, பட்டாணி, நிலக்கடலை, முறுக்கு, ஓமப்பொடி, மரவள்ளிச் சீவல் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. சிலப்பதிகாரத்து மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்ற காழியரையும் அப்பம் விற்ற கூவியரையும் இளங்கோவடிகள் விடாமல் குறித்தார். ஈப்போவில் அவர்களின் வழித்தோன்றல்கள் அறைகள் பகுத்த மரத்தட்டைத் தலையில் சுமந்து, திரையரங்கு வாயிலிலும் பந்தாட்டத் திடலிலும் சந்தையிலும் நின்றனர். தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குக் காவடி செல்லும் வழி அவர்களுக்கு ஆண்டின் பெருஞ்சந்தை. பழைய செய்தித்தாளும் பள்ளிச் சுவடித் தாளும் கூம்பாகச் சுருண்டு, சில காசுகளுக்குக் கடலை ஏந்திச் சென்றன. வாங்கியவருள் சீனரும் மலாய்க்காரரும் உண்டு. தமிழர் தமிழருக்கு மட்டும் விற்ற சரக்கு அன்று அது.

தட்டு தெருவில் தெரிந்தது. அதன் பின்னிருந்த வேலை தெரியவில்லை. கடலையை முன்னிரவே ஊறவைக்க வேண்டும். உப்புப் பதம் பார்த்து அவிக்க வேண்டும். வடித்து உலர்த்தி வறுக்க வேண்டும். முறுக்கு மாவு இளகினால் எண்ணெய் குடிக்கும். இறுகினால் அச்சில் இறங்காது. பேராக் மழைக்காற்றில் பொரித்த பண்டம் ஒரு மாலைக்குள் நமத்துப்போகும். ஆகவே தகரங்களில் உடனே அடைக்க வேண்டும். இரண்டு நாள் மழை பெய்தால் தெருவில் விற்பனை இல்லை. எண்ணெய்க் கடனுக்கோ மழை இல்லை, வெயில் இல்லை. இவ்வேலையில் பெரும்பகுதி பெண்களுடையது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியவர் அவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய கையோடு மீண்டும் வாணலியின் முன் அமர்ந்தவரும் அவரே.

முதலுக்கு வங்கி இல்லை. மலாயாத் தமிழ்க் குடும்பங்களில் அவசரத் தேவைக்கும் சிறு முதலுக்கும் கைகொடுத்தது கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட, முறை வைத்து ஒருவர் எடுத்துக்கொள்வது அது. ஏமாற்றுவோர் பெருகியமையால் அரசு 1971-இல் சட்டம் இயற்றி அதனைத் தடுத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், பேராக்கின் சுங்கை சீப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்மரம் சீவியோர் மாதம் பத்து வெள்ளி வீதம் நூறு வெள்ளிப் பங்குக்குப் பணம் கட்டித் தோட்டம் வாங்கினர். கூட்டுக் கட்டிப் பழகிய மக்களுக்குப் பங்கு என்பதை விளக்க நெடுநேரம் பிடித்திராது.

மலேசிய உயர்கல்வி நிலையங்களுக்கென 2010-இல் தொழில்முனைவு மேம்பாட்டுக் கொள்கை வகுக்கப்பட்டது. அதுமுதல் அப்பாடம் எல்லாத் துறை மாணவரையும் எட்டியுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. கணக்கு எழுதவும், பொட்டலத்தில் காலக்கெடு அச்சிடவும், உரிமம் பெறவும், வங்கியிடம் திட்டம் சமர்ப்பிக்கவும் அது கற்பிக்கிறது. புந்தோங்கில் தலைத்தட்டு மறைந்து, வண்டியும் கடையும் நெகிழிப் பொட்டலமும் வந்து, பிற மாநிலங்களுக்கும் சரக்குச் செல்லும் இக்காலத்தில் இவை இன்றியமையாதவை. ஆயினும் தோல்வியை எவ்வாறு தாங்குவது, சரக்கைத் தலையில் சுமக்கும்போது எழும் நாணத்தை என்ன செய்வது, மிச்சம் எனப்படுவது யாருடைய உழைப்பின் மிச்சம் என்பவற்றுக்குப் பேரேட்டில் பத்தி இல்லை. அவற்றைப் பிராங்கிளினும் டுவெயினும் தோரோவும் எழுதினர், பாரதியார் பாடினார். கடலை வணிகரின் மகளுக்கு அமெரிக்க இலக்கியம் வேண்டாத சுமை என்று சொல்லும் ஆசிரியர், அவளுடைய வீட்டுக் கணக்கை விளக்கும் நூலையே அவளிடமிருந்து மறைக்கிறார்.

'வால்டன்' வகுப்பில் அவரைத் தோட்டக் கணக்கை நடத்தும்போது அம்மாணவியை ஒரு கணக்கு எழுதச் சொல்லலாம். கடலை மூட்டை, எண்ணெய், விறகு அல்லது எரிவாயு, உப்பு, மிளகாய்த்தூள், பொட்டலம், வண்டிக் கூலி என்று அவள் தடையின்றி எழுதுவாள். விடியுமுன் எழுந்த தாயின் கூலியை எந்த வரியில், எவ்வளவு என்று எழுதுவது என்பதில்தான் எழுதுகோல் நிற்கும். காக்கைக் கயிற்றுக்கு 2 காசு குறித்த தோரோவும், குளக்கரையிலிருந்து நடந்து சென்று தாய் வீட்டில் அவ்வப்போது உண்ட உணவை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.